ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வரை

வக்கீல் லூதர் கெட்டில்வெல் எப்படிப்பட்ட மனிதர் என்று எங்கள் கிளெமர்பியில் கேட்டால், கேட்கிற தெருவைப் பொறுத்துப் பதில் வரும். மேட்டுத் தெருவில் கேட்டால் தங்கமான மனுஷன் என்பார்கள். ஆற்றோரத்துத் தோல்காரர் சந்தில் கேட்டால் கீழே துப்பிவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். இரண்டு தெருக்காரர்களும் பொய் சொல்லவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

அவருடைய அப்பா குதிரைச் சேணம் தைக்கிறவர். பையனுக்குப் பதினாறு வயதானபோது ஊரின் கிழட்டு வக்கீல் ஒருவரிடம் எழுத்து வேலைக்குச் சேர்த்துவிட்டார். ஐந்து வருஷம் பத்திரம் நகலெடுத்து, விரலில் மை காயாமல் தொழில் கற்று, முப்பது வயதில் தன் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டிச் சந்தை மூலையில் மாட்டினார் லூதர். அங்கி மாட்டிக்கொண்டு பெரிய கோர்ட்டில் முழங்குகிற வக்கீல் இல்லை. உயில், கிரயம், பங்குபாகம் என்று மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர் வீடுகளின் அடுப்படி வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிற வக்கீல். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சேப்பல் என்கிற சின்னத் தேவாலயத்தில் முன்வரிசை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. கேள்வி கேட்டால் சரியான பதிலைச் சொல்லுவார். அதில் ஒருநாளும் பிசகியதில்லை.

அவரை அரசியலுக்கு இழுத்துவந்தது மேடைப் பேச்சு அல்ல, ஒரு பட்டியல். 1867இல் இங்கிலாந்து நகரங்களில் வீடு வைத்திருக்கிற தொழிலாளிகளுக்கும் ஓட்டு கொடுத்தார்கள். கொடுத்த கையோடு ஒரு முடிச்சும் போட்டார்கள். ஜூலை முப்பத்தொன்றாம் தேதிக்கு முந்தைய ஒரு வருஷத்துக்குள், ஊர் வரிப்பணத்தில் ஏழைகளுக்குக் கொடுக்கிற பாரிஷ் தருமத்தைத் தொட்டவனுக்கு ஓட்டு இல்லை. ஒரு ரொட்டி, ஒரு கூடைக் கரி, பாரிஷ் டாக்டரின் ஒரு வேளை மருந்து, எதுவானாலும் சரி, பெண்டாட்டி பிள்ளைக்கு வாங்கினாலும் சரி, பெயர் போயிற்று. ஆகஸ்டில் பட்டியலைச் சர்ச் கதவில் ஆணி அடித்து மாட்டுவார்கள். செப்டம்பரில் லண்டனிலிருந்து ஒரு நீதிபதி வந்து நகர மண்டபத்தில் உட்காருவார். ஊரில் இரண்டே கட்சி, மஞ்சளும் நீலமும். மஞ்சள் கட்சி வக்கீல் நீலக் கட்சிக்காரனின் பெயரை அடிக்கச் சொல்லுவார், நீலக் கட்சி வக்கீல் மஞ்சள்காரனின் பெயரை. தேர்தல் எப்போது வந்தாலும் பாதி தேர்தல் அந்த மண்டபத்திலேயே முடிந்துவிடும்.

மஞ்சள் கட்சிக்கு அந்த வேலையைப் பார்த்தவர் கெட்டில்வெல். அடேயப்பா, என்ன வேலை! யார் எந்த மாதம் வீடு மாறினான், யார் வீட்டுக்குப் பாரிஷ் கரிவண்டி போயிற்று, எல்லாம் அவருடைய தடித்த நோட்டில் இருந்தது. ஏமஸ் பிர்ட் என்று ஒரு கல்லுடைக்கிறவன், நீலக் கட்சிக்காரன். அவன் மனைவிக்கு விடாத இருமல். பாரிஷ் டாக்டர் ஒரு புட்டி மீனெண்ணெய் எழுதிக் கொடுத்திருந்தார். கெட்டில்வெல் அந்தக் காலிப் புட்டியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து நீதிபதியின் மேஜை மேல் டக்கென்று வைத்தார். எண்ணெய் குடித்தவள் பெண்டாட்டி, ஓட்டைப் பறிகொடுத்தவன் புருஷன். மண்டபமே சிரித்தது. பிர்ட் மட்டும் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, தன் பெயரோடு "தருமம் வாங்கியவன்" என்று உரக்க வாசிக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

அன்றிலிருந்து ஊரில் அவருக்கு மீனெண்ணெய் வக்கீல் என்று பெயர். அவருக்கும் அது உள்ளூரப் பெருமைதான். சட்டத்தை எழுதியவர் அவர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் அந்தச் சட்டத்துக்குப் பல் முளைத்தது அவரால்தான். பத்து வருஷத்தில் ஏழைச் சனம் பேயைவிடப் பாரிஷ் டாக்டரின் குதிரைவண்டிக்கு அதிகம் பயந்தது.

1879 வசந்தத்தில் கட்சி அவரையே வேட்பாளராக நிறுத்தத் தீர்மானித்தது. முந்தின தேர்தலில் மஞ்சள் கட்சி ஒன்பதே ஓட்டில் தோற்றிருந்தது. அவருடைய தலைமைக் குமாஸ்தா எபன் ஸ்னெல் இரண்டு இரவு உட்கார்ந்து கூட்டிக் கழித்துவிட்டுச் சொன்னார்: "பத்து ஓட்டுல ஜெயிப்போம், இல்ல பத்து ஓட்டுல தோப்போம் ஐயா. நூல் மேல நடக்கிற வேலைதான்."

அந்த வருஷம் கோடையே இல்லை. ஏப்ரலில் பிடித்த மழை ஜூலையிலும் விடவில்லை. வயலில் பயிர் அழுகிற்று, பூட்ஸ் பட்டறைகளில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை. ஏழை வீட்டுக்குப் பாரிஷை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத வருஷம். கெட்டில்வெல்லுக்கு அதுதான் கவலை. இத்தனை வருஷம் எதிராளியை வெட்டிய கத்தி இப்போது தன் ஆட்களின் கழுத்துக்கு நேராகத் தொங்கிற்று.

ஜூன் மாதம் சேப்பல் பள்ளிக்கூடத்தில் கட்சியின் தெருத் தலைவர்களைக் கூட்டினார். "நான் சொல்றதை நல்லாக் கேட்டுக்கங்க. ஜூலை முப்பத்தொண்ணு முடியற வரைக்கும் நம்ம ஆளு ஒருத்தனும் பாரிஷ் இருக்கிற திசையில தலைவெச்சுக்கூடப் படுக்கக் கூடாது. ரொட்டி கூடாது, கரி கூடாது, டாக்டர் கூடாது. ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி விடிஞ்சதும் போயி என்ன வேணா வாங்கிக்கங்க, யாரும் கேக்க மாட்டான். அடுத்த வருஷத் தேர்தல் இந்தப் பட்டியலை வெச்சுத்தான்."

"மீனெண்ணெய், ஐயா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

சிரிக்காமல் ஒவ்வொரு சொல்லையும் மனத்தில் வாங்கிக்கொண்டவன் ஜேபஸ் கார்ட்லிஜ். பூட்ஸுக்கு மேல்தோல் தைக்கிறவன், தோல்காரர் சந்தின் தலைவன். அந்தச் சந்தில் முப்பத்தெட்டு ஓட்டு, முப்பத்தெட்டும் மஞ்சள். அப்பனுக்கும் தாத்தாவுக்கும் இல்லாத ஓட்டு தனக்குக் கிடைத்ததை அவன் சாதாரணமாக நினைக்கவில்லை. வாக்காளர் பட்டியலில் தன் பெயர் அச்சாகியிருந்த தாளை வெட்டிச் சட்டம் போட்டு அடுப்புக்கு மேலே மாட்டியிருந்தான். அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போய், "ஆகஸ்ட் ஒண்ணு வரைக்கும் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்துருங்க, வக்கீல் ஐயா சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டு வந்தான். கெட்டில்வெல்லின் வாய்ச்சொல் அவனுக்கு வேதவாக்கு.

ஜூலை இரண்டாவது வாரம் அந்தச் சந்தில் தொண்டை அடைப்பான் புகுந்தது. ஒரே சமயத்தில் நாலைந்து குழந்தைகள் படுத்தன. ஆற்று வெள்ளம் வீட்டுக் கழிவோடு கலந்து வாசலில் நின்றது. அந்தப் பக்கம் போன பால்காரி, சந்துக்குள் நுழைந்தாலே குழந்தைகள் மூச்சிழுக்கிற சத்தம் கேட்கிறது என்று மேட்டுத் தெருவில் வந்து சொன்னாள்.

கெட்டில்வெல்லின் மனைவி டார்காஸ் அதைக் கேட்டுவிட்டு ஒரு தூக்கில் மாட்டிறைச்சிக் கஞ்சி ஊற்றி வேலைக்காரியிடம் கொடுத்து கார்ட்லிஜ் வீட்டுக்கு அனுப்பினாள். கார்ட்லிஜின் ஆறு வயது மகள் லெட்டி சேப்பலில் டார்காஸிடம் பாட்டுப் படிக்கிறவள். அவளும் படுத்துவிட்டாள். மதியம் வீட்டுக்கு வந்த கெட்டில்வெல்லுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"உனக்குப் புத்தி இருக்கா? வேட்பாளர் வீட்டுலேர்ந்து ஓட்டுக்காரன் வீட்டுக்குச் சாப்பாடு போனா அதுக்குப் பேரு லஞ்சம். நீலக் கட்சிக்காரன் இதுக்குத்தான் வாயைப் பொளந்துகிட்டு உக்காந்திருக்கான். ஜெயிச்சாலும் கேஸ் போட்டு இறக்கிருவான்."

"கஞ்சிங்க. காய்ச்சல்ல கெடக்கிற பிள்ளைக்குக் கஞ்சி."

"சட்டத்துக்குக் கஞ்சின்னும் தெரியாது, பிள்ளைன்னும் தெரியாது."

"அப்ப நம்ம காசுல டாக்டரையாவது அனுப்புங்க. யாருக்கும் தெரியாம."

"டாக்டர் போனா இன்னும் பெரிய லஞ்சம், டார்காஸ்!"

டார்காஸ் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். "பாரிஷ் டாக்டரைக் கூப்பிட்டா ஓட்டு போயிரும். நாம கூப்பிட்டா லஞ்சமாயிரும். அவங்க கையில காசு கெடையாது. அப்ப அந்தப் பிள்ளை என்னதாங்க செய்யணும்?"

கெட்டில்வெல் வேலைக்காரியைக் கூப்பிட்டுத் தூக்கைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். வேலைக்காரி மறுபடி ஓடிப்போய்த் தூக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தாள். பாதி காலியாகியிருந்தது.

ஜூலை இருபத்தெட்டு, திங்கட்கிழமை. ஜேபஸ் கார்ட்லிஜ் அலுவலகத்துக்கு வந்தான். மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஐயா, ஒரு சட்டக் கேள்விங்க. எங்க லெட்டிக்கு முடியல. தொண்டையில வெள்ளையா தோலு மாதிரிக் கட்டிக்கிச்சி. என் சம்சாரம் கெஸையா பாரிஷ் டாக்டரைக் கூட்டியாந்தே ஆகணும்ங்கிறா. அவரு சும்மா வந்து பாத்துட்டு மட்டும் போனா, மருந்து எதுவும் தரலைன்னா, அது தருமத்துல சேருமாங்க?"

"சேரும், ஜேபஸ். பாத்தாலே சேரும்."

"நான் வேலை கெடைச்சப்புறம் அந்தக் காசைத் திருப்பிக் கட்டிட்டேன்னா?"

"கட்டினாலும் சேரும். வாங்கின தேதிதான் கணக்கு."

"கெஸையா போயி அவ பேர்ல வாங்கினா?"

"பெண்டாட்டி வாங்கினா நீ வாங்கின மாதிரி."

ஜேபஸ் தலையாட்டினான். "அப்ப வெள்ளிக்கிழமை" என்றான். சொன்னவன் போகவில்லை. தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கெட்டில்வெல்லின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அவன் எதற்காக நிற்கிறான் என்று அவருக்குத் தெரியும். 'ஓட்டு கிடக்கட்டும், போய் டாக்டரைக் கூப்பிடு' என்று ஒரு வார்த்தை. அதை அவர் சொன்னால் போதும், அந்த மனுஷன் மழையில் ஓடியிருப்பான். சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கூடவே எபன் ஸ்னெல்லின் கணக்கும் வந்தது. சந்தின் தலைவனே பாரிஷ் படியேறினால் பிள்ளை படுத்திருக்கிற மற்ற வீட்டுக்காரர்களும் ஏறுவார்கள். அங்கே முப்பத்தெட்டு, பக்கத்துச் சந்தில் இருபது. ஒன்பது ஓட்டில் தோற்ற ஊர் இது.

"குழந்தைங்க உடம்பு கெட்டி, ஜேபஸ். நாலு நாள்தானே. தாங்கும்" என்றார்.

ஜேபஸின் முகம் அப்படியே தெளிந்தது. பாவி மனுஷன், நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

லெட்டி மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குச் செத்துப்போனாள். டாக்டர் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா? பாரிஷ் டாக்டர் ஆம்ப்ளெட்டை நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன். "பிழைச்சிருப்பான்னு சத்தியம் பண்ண மாட்டேன். கழுத்துல கீறிக் குழாய் வெச்சுப் பாத்திருப்பேன். நாலுல ஒண்ணு பிழைக்கும்" என்றார். நாலில் ஒன்று என்கிற அந்த வாய்ப்பைத்தான் லெட்டிக்கு இல்லாமல் செய்தார்கள்.

கதை அதோடு முடிந்திருந்தால்கூட ஊர் ஆறியிருக்கும். புதைக்கப் பெட்டி வேண்டுமே. ஜேபஸிடம் பெட்டிக்குக் காசு இல்லை. அடக்கச் செலவுக்கென்று மாதாமாதம் கட்டுகிற சாவுச் சங்கத்துச் சந்தா மே மாதத்திலேயே நின்றுபோயிருந்தது. பாரிஷில் கேட்டால் அன்றே பெட்டி தருவார்கள், குழி வெட்டித் தருவார்கள். ஆனால் பாரிஷ் பெட்டியும் தருமம்தான். செத்த பிள்ளைக்கு வாங்கினாலும் தருமம் தருமமே.

வியாழக்கிழமை காலை எபன் ஸ்னெல் கெட்டில்வெல்லின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். "ஐயா, கார்ட்லிஜ் இன்னும் பிள்ளையை அடக்கம் பண்ணலை. வீட்டுக்குள்ளேயே வெச்சிருக்கான்."

கெட்டில்வெல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நேரே தோல்காரர் சந்துக்கு நடந்தார். போகிற வழியெல்லாம், இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும், போதும் ஜேபஸ், பெட்டியை வாங்கு என்று சொல்லிவிட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனதாக டார்காஸிடம் பிற்பாடு சொல்லியிருக்கிறார். நான் அதை நம்புகிறேன்.

மழை நின்று வெயில் சுள்ளென்று அடித்தது. அந்த வருஷம் முழுக்கக் காணாத வெயில் அன்றைக்கென்று வந்து தொலைத்தது. ஜேபஸ் வீட்டு ஜன்னலில் வினிகரில் நனைத்த துணி தொங்கிற்று. உள்ளே, அவன் பூட்ஸ் தைக்கிற மேஜை மேல், வெள்ளைத் துணி போர்த்திச் சின்னதாக ஒன்று கிடந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் துக்கம் விசாரிக்க வந்து உட்கார்ந்திருந்தார்கள், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு. எங்கள் பக்கத்து வழக்கம் அது. செத்த பிள்ளையை மற்றப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்தால் கனவில் வராது என்பார்கள். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துத் தொட வைத்தார்கள்.

அவரைப் பார்த்ததும் ஜேபஸ் எழுந்து வாசலுக்கு வந்தான். மூன்று நாளாகத் தூங்காத கண்.

"வாங்க ஐயா. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்குப் பெட்டி எழுதித் தர்றாங்களாம், கேட்டு வெச்சிட்டேன். இன்னிக்கே தர்றேன்னாங்க, நான்தான் மாட்டேன்னுட்டேன். நீங்க கவலையே படாதீங்க. தேதியைத் தவற விட மாட்டேன்."

மேஜைக்கு அருகில் அவன் மனைவி கெஸையா முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தாள். திரும்பாமலேயே கேட்டாள்: "எதுக்கு வந்திருக்காரு இவரு? ஓட்டு எல்லாம் பத்திரமா இருக்கான்னு எண்ணிப் பாக்கவா?"

"சும்மா இருடி" என்றான் ஜேபஸ்.

கெட்டில்வெல் வாயைத் திறந்தார். ஒரே ஒரு இரவுதான் பாக்கி, இவ்வளவு தாங்கிவிட்டு இப்போது விட்டால் பட்டது அத்தனையும் வீண் என்று தோன்றியது அவருக்கு. அட, மனுஷ மனம் தனக்குத் தோதாக எப்படியெல்லாம் நியாயம் பேசுகிறது பாருங்கள்! "உன் துக்கத்துல நானும் பங்கு, ஜேபஸ்" என்று மட்டும் சொல்லித் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் ஒன்றாம் தேதி, லெட்டி பாரிஷ் பெட்டியில் போனாள். மாதம் முடிவதற்குள் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த வீடுகளிலிருந்து இன்னும் ஐந்து பெட்டி போயிற்று.

செப்டம்பரில் லண்டன் நீதிபதி வந்தார். நீலக் கட்சி வக்கீல் எழுந்து, கார்ட்லிஜ் பாரிஷ் சவப்பெட்டி வாங்கியவன், பெயரை அடியுங்கள் என்றார். கெட்டில்வெல் பாரிஷ் அதிகாரியைக் கூண்டில் ஏற்றினார்.

"பெட்டி என்னிக்குக் குடுத்தீங்க?"

"ஆகஸ்ட் ஒண்ணு. காலைல ஒம்பது மணி பத்து நிமிஷம்."

நீதிபதி மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "பிள்ளை செத்தது?"

"ஜூலை இருபத்தொம்பதுங்க."

"நடுவுல மூணு நாள் உடல் எங்கே இருந்தது?"

"வீட்டுலதான் இருந்துச்சுங்க."

மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மீனெண்ணெய்ப் புட்டிக்குச் சிரித்த அதே மண்டபம்தான். நீதிபதி மூக்குக்கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டார். பிறகு, "சட்டப்படி பெயர் நிற்கும்" என்று எழுதிவிட்டுத் தாளைப் புரட்டினார். வெளியே ஜேபஸ் ஓடிவந்து கெட்டில்வெல்லின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "ஜெயிச்சிட்டோம் ஐயா. அவ போனது வீண் போகாது" என்றான். அவருக்கு வாழ்க்கையில் முதல்தடவையாக ஜெயித்தது பயமாக இருந்தது.

குளிர்காலம் முழுக்க அந்தப் பயம் அவரை விடவில்லை. டார்காஸ் அவரோடு தேவைக்கு மட்டும் பேசினாள். ஒருநாள் காலையில் அவளிடம், "ஒரு ஓட்டுல ஜெயிச்சாப் போதும் டார்காஸ். ரெண்டு ஓட்டுல ஜெயிச்சாலும் போதும்" என்றார்.

"தோத்துட்டா?"

"தோத்தாக்கூடத் தாங்கிக்குவேன்" என்றார். எதைத் தாங்க முடியாது என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஏப்ரல் இரண்டாம் தேதி ஓட்டுப்பதிவு. தோல்காரர் சந்தின் முப்பத்தெட்டுப் பேரையும் ஜேபஸ் வரிசையாக நடத்திக் கூட்டிவந்தான், கையில் துக்கத்துக்குக் கட்டிய கறுப்புப் பட்டை, சட்டையில் மஞ்சள் ரிப்பன். மறுநாள் நண்பகலில் தானியச் சந்தை மண்டபத்து உப்பரிகையில் மேயர் முடிவை வாசிக்க வந்தார். கீழே சதுக்கம் கொள்ளாத சனம்.

நாட்டில் காற்று எப்படி வீசியது என்று எபன் ஸ்னெல்லின் கணக்குக்குத் தெரியவில்லை. விலைவாசி, வேலையின்மை, தூரதேசத்துப் போர்கள் எல்லாம் சேர்ந்து, ஆட்சியில் இருந்த நீலக் கட்சியை ஊர் ஊராக அடித்துத் துவைத்திருந்தது. எங்கள் ஊரும் விதிவிலக்கல்ல. மேயர் வாசித்தார்: கெட்டில்வெல் வெற்றி, வித்தியாசம் நானூற்றுப் பதினொன்று.

தொப்பிகள் பறந்தன. சனம் கூத்தாடியது. உப்பரிகையில் நின்ற கெட்டில்வெல் கீழே ஒரே ஒரு ஆளைத்தான் தேடினார். விளக்குக் கம்பத்தின் கீழே ஜேபஸ் நின்றிருந்தான். தொப்பியை வீசக் கையைத் தூக்கியவன் தூக்கியபடியே நின்றுவிட்டான். உதடு அசைந்துகொண்டிருந்தது. நானூற்றுப் பதினொன்றிலிருந்து தன் சந்தின் ஓட்டுகளைக் கழிக்கிறான் என்று அவருக்குப் புரிந்தது.

எங்கள் ஊரில் ஜெயித்தவரின் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஆட்களே கயிறு கட்டி இழுத்து ஊர்வலம் போவார்கள். அவரையும் தூக்கி வண்டியில் உட்காரவைத்தார்கள். கயிற்றின் தலைப்பை ஜேபஸ் வந்து வாங்கிக்கொண்டான். துக்கம் கண்ட மனுஷன், கட்சிக்கு உழைத்தவன், மரியாதை அவனுக்குத்தான் என்று எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். சந்தை மூலையில் மேட்டுத் தெருவுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அவன் ஆற்றுப் பக்கம் திரும்பினான்.

"ஜேபஸ்! மேட்டுத் தெரு வழியாப் போகலாம்ப்பா" என்று கெட்டில்வெல் கத்தினார்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இழுக்கிறவர்கள் பாட்டுச் சத்தத்தில் எதையும் கவனிக்கவில்லை, நமக்கு உழைத்த சந்துக்குத்தானே போகிறோம் என்று உற்சாகமாக இழுத்தார்கள். வண்டி சரிவில் தானே ஓட ஆரம்பித்தது. கெட்டில்வெல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார். இறங்க வழியில்லை.

சந்துக்குள் நுழைந்ததும் பாட்டு நின்றுபோயிற்று. பெண்கள் வாசல்களில் நின்றார்கள். ஒருத்தியும் கை தட்டவில்லை. ஜேபஸ் தன் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்திக் கயிற்றைக் கீழே போட்டான்.

"கெஸையா, வெளியே வா. ஐயா வந்திருக்காரு. எத்தனையில ஜெயிச்சாருன்னு அவரே சொல்லட்டும். என் வாயால எனக்குச் சொல்ல வரலை."

கெஸையா வந்து நின்றாள். கெட்டில்வெல் எழுந்து தொப்பியைக் கழற்றினார். ஒவ்வொரு ஓட்டும் முக்கியம் என்று தொடங்குகிற ஒரு பேச்சு அவரிடம் தயாராகத்தான் இருந்தது. அந்த முகங்களுக்கு முன்னால் அது வரவில்லை. கடைசியில் கேட்டதற்கு மட்டும், வழக்கம்போல, சரியான பதிலைச் சொன்னார்.

"நானூத்திப் பதினொண்ணு."

கெஸையாவுக்குக் கணக்குப் போட அவகாசமே தேவைப்படவில்லை. "எங்க சந்துல மொத்தமே முப்பத்தெட்டுதானேய்யா" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, தெரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியது. அதற்கடுத்த வீடு. இழுத்து வந்த ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கயிற்றை விட்டுவிட்டு மெதுவாகக் கலைந்து போனார்கள். ஜேபஸ் மட்டும் தன் வீட்டு வாசலில் நின்றான். கதவைத் தட்டக் கையைத் தூக்கினான். தட்டாமல் கையை இறக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தான்.

குதிரைகள் சந்தை மண்டபத்தில் நின்றன. கிளெமர்பியின் நாடாளுமன்ற உறுப்பினர் வண்டியில் தனியாக உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து அவரே இறங்கி நடந்து போனார். ஜேபஸ் தலை நிமிரவில்லை.